மூன்றாவது அறை

மூன்றாவது அறையைக் காட்ட முடியாது என்றாள் நேலியா.
உள்ளே ஆள் தூங்குகிறார்.
ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை.
அளவு மட்டும் சொல்கிறேன்: ஒன்பது சதுர மீட்டர்,
காலை வெயில் உண்டு.

அப்படித்தான் அந்த வீட்டைப் பார்த்தோம்,
குதிகால் தரையில் படாமல்,
திருடர்கள் மாதிரி, இல்லை,
பிள்ளை தூங்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி.
சுவரைத் தட்டிப் பார்க்கக் கை ஓங்கிய டெல்மோ
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
விலையை நேலியா உதட்டசைவில் சொன்னாள்:
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் யூரோ.
மே மாதக் கடைசியில் காலியாகக் கிடைக்கும்.
காலி என்னும்போது மட்டும்
குரல் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

லிஸ்பனிலிருந்து இருபது நிமிடப் படகு, பாரைரோ.
அந்தக் கரையா என்று மூக்கைச் சுளித்தவர்கள்
அந்தக் கரையில் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.
அமிலத் தொழிற்சாலை மூடிக் காலமாயிற்று.
புகைபோக்கி ஒன்றை இடிக்காமல் விட்டு
அதன் படத்தைத் துணிப்பைகளில் அச்சடித்து விற்கிறார்கள்.
டயர் ஒட்டும் கடை இருந்த இடத்தில்
காப்பி மூன்று யூரோ,
சுவரில் அழகுக்கு ஒரு டயர்.
அந்தக் காப்பியைக் குடித்தேன்.
நன்றாக இருந்தது.
அதுதான் சங்கடம்.

எங்களுக்கும் கடிதம் வந்திருந்தது.
அல்காந்தராவில் பதினோரு வருடம் இருந்த வீடு.
ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, ஜூன் முப்பதுக்குள்,
மரியாதையுடன்.
அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் கத்தரித்து
டெல்மோ ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான்.
ஆகவே எங்களை யாரும் குறை சொல்ல முடியாதென்று
இரண்டு வாரமாக
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்,
யாரும் குறை சொல்லாதபோதே.

முப்பத்தைந்து வருடத் தவணை என்றது வங்கி.
எனக்கு வயது முப்பத்தெட்டு.
நான் கூட்டவில்லை.
சர்க்கரைப் பொட்டலத்தின் பின்புறம் டெல்மோ கூட்டினான்,
பிறகு பொட்டலத்தைப் பிரித்துக் காப்பியில் கொட்டினான்.

புதன் மாலை தனியாகப் போனேன்.
இருட்டில் தெரு எப்படி இருக்குமென்று பார்க்கத்தான்
என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
படகுத்துறையில் ஆறு உள்வாங்கியிருந்தது.
சேற்றில் பூநாரைகள், ஒற்றைக் காலில்.
வாங்கியதை ஆறு மணி நேரத்தில் திருப்பிவிடுகிற
கணக்கு, ஆற்றுக்கு.

தபால்பெட்டியில் செமெடோ என்று பெயர்.
அந்தப் பெயர்க்காரர் படியிறங்கி வந்தார்,
ஐம்பது வயதிருக்கும்,
காலணித் தையலில் வெள்ளையாய் மாவு.
அன்றைக்கு வந்தவர்தானே, என்றார்.
நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களே, என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.
அவ்வளவு மெதுவாக நடந்தால்
யாருக்கம்மா தூக்கம் வரும்?

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவருக்குப் பேருந்து அவசரம்.
மூன்றாவது அறையில் வடக்கு மூலை ஒழுகும், என்றார்,
பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்,
ஒன்பது மழைக்காலம் பாத்திரம் வைத்தவன் சொல்கிறேன்,
விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.
நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டேன்,
கேட்டிருக்க வேண்டாம்.
மொய்ட்டா பக்கம் பார்க்கிறேன்.
அங்கே இன்னும் யாரும்
சுவரில் டயர் மாட்டவில்லை.
சிரித்தார். பேருந்து வந்துவிட்டது.

மறுநாள் நேலியாவிடம் வடக்கு மூலை என்றேன்.
யார் சொன்னது, என்றாள்.
நான் சொல்லவில்லை.
பிற்பகலுக்குள் ஆறாயிரம் குறைந்தது.
டெல்மோ என்னைத் தூக்கிச் சுற்றினான்,
உன்னைப்போல் பேரம் பேச ஆளில்லை என்று.
வெள்ளி நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்று வியாழன், கடைசிப் படகு.
ஆறு நிரம்பித் தளும்புகிறது.
ரொட்டிக்கூடத்தில் இந்நேரம்
முதல் மாவைப் பிசைந்து முடித்திருப்பார்.
அந்த ஆறாயிரம் யாருடையது என்று
இன்னும் டெல்மோவிடம் சொல்லவில்லை.